துப்பும் நாகம்: கண்ணாடி போட்டால் போதுமா?

செம்பனை | மார்ச் 4, காலை 7.12

மலேசியாவில் பேராக் பக்கம் செம்பனைத் தோட்டம். வெட்டிப் போட்ட ஓலை அடுக்குகளுக்குள் கறுப்பு நாகம் அடிக்கடி தட்டுப்படுகிறது. துப்புகிற வகை. மண்டோர் (வேலைக் கண்காணி) சொல்வது இது: சாதாரண மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் பயமில்லை, மீறிக் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரியில் ஆன்டிவெனம் (விஷமுறி மருந்து) ஊசி போட்டால் சரியாகிவிடும். இரண்டிலுமே எனக்குச் சந்தேகம். முதலுதவிப் பெட்டியில் என்னதான் வாங்கி வைப்பது?

கொக்கிக்கம்பு | மார்ச் 4, காலை 7.40

இரண்டும் தப்பு.

பாம்பு தரையில், முகம் மேலே. விஷம் கீழிருந்து மேலாக வருகிறது. மூக்குக்கண்ணாடியில் பெரிய இடைவெளி கன்னத்துப் பக்கம்தான், அதாவது விஷம் வருகிற திசையிலேயே. நெற்றியில் பட்டது வழிந்து இமைக்குள் இறங்குவது இன்னொரு வழி. நாலு பக்கமும் தோலோடு ஒட்டி உட்காரும் பாலிகார்பனேட் காகிள்ஸ் வேண்டும். காற்றுத் துளை நேராகத் திறந்திருக்கும் மாடல் வாங்காதீர்கள். துளைக்கு மேல் மூடி போட்டு, காற்று வளைந்து போகிற மாடல் கடையில் கிடைக்கும், இரசாயனத் தெறிப்புக்கு என்று விற்பார்கள். அதுதான் சரி.

முக்கியமாக ஒன்று. புல்வெட்டும் மெஷின்காரர்கள் போடும் கம்பிவலை முகமூடி இதற்கு உதவாது. கல்லைத் தடுக்கும், திரவத்தைத் தடுக்காது. தோட்டத்தில் அதை மாட்டிக்கொண்டு தைரியமாகக் குனிகிறவர்கள் நிறைய.

ஆன்டிவெனம் பற்றி மருத்துவப் பக்கத்து ஆள் யாராவது சொல்லட்டும்.

அவசரப்பிரிவு | மார்ச் 4, பிற்பகல் 2.05

கண்ணில் பட்டதற்கு ஆன்டிவெனம் கிடையாது. ஊசியாகவும் இல்லை, சொட்டாகவும் இல்லை. தென்கிழக்கு ஆசியாவுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் பாம்புக்கடி வழிகாட்டியே கூடாது என்று சொல்கிறது. கண் வழியாக உடம்புக்குள் போய் ஆளைச் சாய்க்கும் அளவுக்கு விஷம் ஏறுவதில்லை. சேதம் முழுக்கக் கண்ணின் மேற்பரப்பில். ஆன்டிவெனம் என்பது குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த புரதம், அதற்கே ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். பலனே இல்லாத இடத்தில் அந்த ஆபத்தை எதற்கு விலைக்கு வாங்குவது?

மருந்து தண்ணீர். வேலை செய்யும் இடத்திலேயே, பட்ட அந்த நிமிடமே. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுவலாம் என்று வண்டி ஏற்றுவதுதான் மிகப் பெரிய பிழை. செய்முறை:

ஆளைப் பாம்பிடமிருந்து விலக்குங்கள். கண் தெரியாமல் அவர் பாம்பை நோக்கியே நடப்பார், கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். உட்கார வைத்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். எதிர்ப்பக்கமாக விட்டால் நல்ல கண்ணுக்குள் விஷம் போகும். இரண்டு கண்ணிலும் பட்டிருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து மாறி மாறி. இமை தானாகத் திறக்காது, வலியில் இறுக்கிக்கொள்ளும். இன்னொருவர் விரலால் மேலிமையையும் கீழிமையையும் விலக்கிப் பிடிக்க வேண்டும். மூடிய இமைக்கு மேல் ஊற்றுவது முகம் கழுவுவதோடு சரி. கண்ணை மேலே, கீழே, இடம், வலம் உருட்டச் சொல்லுங்கள், இமை மடிப்புக்குள் தங்கியதும் வெளியேறும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதை எடுக்கவென்று கழுவலைத் தள்ளிப்போடாதீர்கள், கழுவிக்கொண்டே எடுங்கள்.

15 முதல் 20 நிமிடம், வலி குறைந்தாலும் நிறுத்தாமல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெல்லிய ஒழுக்காக நிமிடத்துக்கு அரை லிட்டர் விட்டாலே 20 நிமிடத்துக்கு 10 லிட்டர். 1.5 லிட்டர் பாட்டில் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பெட்டியில் மருந்து தேடாதீர்கள். குழாய் வைத்த 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்று, குலை ஏற்றும் டிராக்டரிலேயே இருக்கட்டும்.

புற்றுக்கண் | மார்ச் 4, மாலை 6.30

பால் ஊற்றலாம் என்பார்களே?

அவசரப்பிரிவு | மார்ச் 4, மாலை 6.48

பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் பால் மட்டும் இருந்தால் ஊற்றுங்கள். உறுத்தாத எந்தத் திரவமும் கழுவும், பாலுக்கென்று விஷமுறிவுச் சக்தி எதுவும் இல்லை. எலுமிச்சை, எண்ணெய், பச்சிலைச் சாறு, சாராயம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே உரிந்து நிற்கிற மேற்பரப்பில் இவை இன்னொரு எரிச்சலைக் கூட்டும், பச்சிலையோடு கிருமியும் போகும்.

கொக்கிக்கம்பு | மார்ச் 4, இரவு 9.15

சிறுநீர்கூட ஒரு வழி என்று பழைய கைநூல்கள் சொல்லும். தண்ணீர் கேனைச் சுமக்க அலுப்புப்படுகிற ஆளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே தூக்குவார்.

செம்பனை | மார்ச் 5, காலை 6.50

கேன் ஏற்பாடு செய்தாகிவிட்டது. இது எந்த நாகம் என்று உறுதிப்படுத்த முடியுமா? உடம்பு முழுக்க கறுப்பு, படத்தின் பின்னால் எந்த அடையாளமும் இல்லை.

கொக்கிக்கம்பு | மார்ச் 5, காலை 8.20

தீபகற்ப மலேசியாவில் வளர்ந்த பாம்பு அடையாளமில்லாத கறுப்பு என்றால் பெரும்பாலும் நாஜா சுமட்ரானா. சிங்கப்பூர், தாய்லாந்தின் தென்கோடி, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்சின் பலாவான் வரை இருக்கிறது. குட்டிகளுக்குத் தொண்டைப் பக்கம் வெளிறிய பட்டைகள் இருக்கும், அதைப் பார்த்து வேறு பாம்பு என்று நினைத்துவிடுவார்கள். முட்டையிலிருந்து வந்த குட்டியே துப்பும் என்பதால் அப்படி நினைப்பது ஆபத்து. சாதாரணமாக ஒரு மீட்டர், கொஞ்சம் கூடுதலாகவும் வளரும்.

மலாய்க்காரர்கள் ‘உளார் செண்டோக்’ என்பார்கள். வடக்கு மாநிலங்களில் ஒற்றை வளைய நாகமும் (நாஜா கௌத்தியா) உண்டு, அதற்குப் படத்தின் பின்புறம் ஒரு வட்டம். பெரிய தொல்லை ராஜநாகத்தோடு குழப்பிக்கொள்வது. ராஜநாகம் துப்பாது. அதன் படம் ஒடுங்கி நீளமாக இருக்கும், உச்சந்தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய செதில்கள் சேர்ந்தாற்போல் தெரியும். அந்தச் செதிலைப் பார்க்கிற தூரத்தில் நீங்கள் நின்றால் அடையாளம் காண்பதை விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.

தோட்டத்துக்கு ஏன் வருகிறது என்றால் எலி. செம்பனைப் பழத்துக்கு எலி, எலிக்கு நாகம், கூடவே தேரை. ஆந்தைப் பெட்டி வைத்து எலியைக் குறைக்கிற தோட்டங்கள் உங்கள் நாட்டில் நிறைய. பாம்புக்காகச் செய்ததில்லை என்றாலும் இரண்டுக்கும் உதவும்.

புற்றுக்கண் | மார்ச் 5, காலை 11.02

நம்ம தமிழ்நாட்டு நல்ல பாம்பும் துப்பும். கிராமத்தில் கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள்.

கொக்கிக்கம்பு | மார்ச் 5, பகல் 12.30

பத்துப் பேரும் பார்த்தது சீறலோடு தெறித்த எச்சில், அல்லது கொத்த வந்து குறி தவறியபோது சிதறிய துளி. நல்ல பாம்பின் (நாஜா நாஜா) பல் துப்புவதற்கென்று அமைந்ததில்லை. கௌத்தியாவில் சில வட்டாரத்துப் பாம்புகள் துப்புவதாகப் பதிவுகள் உண்டு, அதுவும் அரைகுறைத் துப்பல். தமிழ்நாட்டில் கண்ணைப் பாதுகாக்கக் கவலைப்படாதீர்கள், காலைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் பல்லின் வாயில் இருக்கிறது. கடிக்க மட்டும் தெரிந்த நாகத்தின் பல்லில் விஷம் வெளிவரும் துளை நீள்வட்டமாக, கீழ்நோக்கித் திறந்திருக்கும். துப்பும் நாகத்தில் அது சிறுத்து, வட்டமாகி, முன்பக்கம் பார்க்கும். பல்லுக்குள் கீழே இறங்கி வந்த விஷம் கடைசி நொடியில் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் திரும்பி வெளியேறுகிறது. விஷப்பையை அழுத்துவது தாடையை மூடும் தசைகளில் ஒன்று. அது இறுகும் அதே நேரத்தில் பல்லை மூடியிருக்கும் சதை உறை விலகி வழி விடுகிறது. குறுகிய வாய், பின்னால் அழுத்தம்: பீச்சாங்குழல் வேலை செய்கிற விதம்தான். ‘துப்பல்’ என்று சொல்கிறோமே தவிர நுரையீரல் காற்றுக்கு இதில் பங்கில்லை.

அடுத்து, தெளிப்பானிலிருந்து வரும் பனிமூட்டம் மாதிரி நினைக்காதீர்கள். இரண்டு பல்லிலிருந்தும் இரண்டு கம்பி மாதிரி வரும். ஒரு துப்பல் சுமார் 50 மில்லி நொடிதான் நீடிக்கிறது, அதற்குள் பாம்பு தலையை விரைவாக ஆட்டிவிடுகிறது. அதனால் விழும் தடம் கோடாக இல்லாமல் முகத்தின் அளவுக்குப் பரந்து விழுகிறது. குறியைக் கூர்மையாக்குவதற்குப் பதிலாகப் பரப்பிவிடுகிறது. ஒரு கண்ணாவது மாட்டும்.

தேரைப்பாட்டு | மார்ச் 5, இரவு 8.44

ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் கருங்கழுத்து நாகம் (நாஜா நிக்ரிகொலிஸ்), செந்நாகம் (நாஜா பாலிடா) இரண்டையும் வைத்து 2005-இல் வெளியிட்டார்கள். அசையும் முகத்துக்குத் துப்பின. அசையும் முகப்படத்துக்கும் துப்பின. அசையாத படத்துக்கு இல்லை, ஆட்டிய கைக்கும் இல்லை. ஆக, பளபளப்பான பொருளைப் பார்த்துத் துப்பும், பெல்ட் பக்கிளைக் குறிவைக்கும் என்ற கதையை நம்பிக் கழுத்தில் கண்ணாடித் துண்டு தொங்கவிட வேண்டாம்.

2010-இல் இன்னொன்று. முகத்தைத் திடீரென்று வெட்டி அசைத்த பிறகு சுமார் 200 மில்லி நொடியில் துப்புகிறது. அந்த இடைவெளியில் முகம் எங்கே போய்ச் சேரும் என்று கணித்து அங்கே அடிக்கிறது. தலையைச் சட்டென்று விலக்கித் தப்பிக்கலாம் என்கிற கணக்கு இதனால்தான் பலிக்காது; அந்தச் சட்டென்ற அசைவுதான் துப்பலையே தூண்டுகிறது.

கொக்கிக்கம்பு | மார்ச் 5, இரவு 9.20

களத்தில் இதற்கு அர்த்தம்: எதிர்ப்பட்டால் முகத்தை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணைத் தாழ்த்தி, முன்கையால் மறைத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். துள்ளாதீர்கள். மூன்று மீட்டருக்கு அப்பால் போனால் பெரும்பாலும் முடிந்தது. இரண்டு மீட்டர் வரை இவை எளிதாக எட்டும், பெரிய ஆப்பிரிக்க வகைகள் அதையும் தாண்டும்.

போனில் படமெடுக்கிறவர்களுக்குத் தனியாக: திரை ஒரு கண்ணைத்தான் மறைக்கும், ஆடுகிற முகம் அதற்குப் பின்னாலேயே இருக்கிறது.

செம்பனை | மார்ச் 6, காலை 7.05

அப்படியானால் வெட்டுகிறவரைவிட உதிரிப்பழம் பொறுக்குகிறவருக்குத்தானே ஆபத்து கூடுதல்?

கொக்கிக்கம்பு | மார்ச் 6, காலை 7.55

ஆமாம். வெட்டுகிறவர் முகம் மேலே குலையைப் பார்க்கிறது, கையில் நீளக் கம்பு. பொறுக்குகிறவர் முகம் தரையிலிருந்து அரை மீட்டர், அதுவும் குனிந்து அசைந்துகொண்டே. காகிள்ஸ் நாலுதான் வாங்க முடியும் என்றால் முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். நீளக் கைப்பிடி வைத்த வாரியால் மரத்தடியையும் ஓலையையும் கலைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் குனியச் சொல்லுங்கள். ஓலை அடுக்குக்குள் வெறுங்கையை விடவே கூடாது.

காகிள்ஸில் வரப்போகும் சிக்கல் ஆவி படிவது. உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் மங்கும், ஆள் கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுவார். ஆவி படியாத பூச்சு உள்ளதை வாங்குங்கள், உள்பக்கத்தைத் துணியால் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும், தண்ணீரில் அலசி உதறிக் காய வைக்க வேண்டும். அப்படியும் நாள் முழுக்கப் போடமாட்டார்கள். அடுக்கைக் கலைக்கும்போதும் பொறுக்கும்போதும் மட்டும் கட்டாயம் என்று சொன்னால் கேட்பார்கள். கேட்கிற விதியைத்தான் போட வேண்டும்.

புற்றுக்கண் | மார்ச் 6, காலை 10.10

நாலைந்து தடவை துப்ப வைத்தால் விஷம் காலியாகிவிடும், பிறகு பிடிக்கலாம் என்கிறார்கள். எப்படியும் துப்புகிற வகைக்குக் கடி வீரியம் குறைவுதானே?

தேரைப்பாட்டு | மார்ச் 6, காலை 11.25

முதலாவதற்கு: செந்நாகத்தில் அளந்திருக்கிறார்கள். ஒரு துப்பலுக்குச் செலவாவது பையில் இருப்பதில் சராசரியாக 1.7 சதவீதம். நாலைந்து தடவைக்குப் பத்து சதவீதம்கூட ஆகாது. கென்யாவில் 2007-இல் தனி இனமென்று விவரிக்கப்பட்ட நாஜா ஆஷெய், துப்பும் நாகங்களிலேயே பெரியது. வட்டாமுவில் ஒரு பாம்பிலிருந்து ஒரே தடவையில் 6.2 மில்லி லிட்டர் விஷம் எடுத்தார்கள். அதைக் காலியாக்கும்வரை துப்ப வைக்கிற ஆளுக்குப் பொறுமை இருக்கலாம், கண் இருக்காது.

இரண்டாவதற்கு அவசரப்பிரிவு பதில் சொல்லட்டும்.

அவசரப்பிரிவு | மார்ச் 6, மாலை 5.15

வீரியம் குறைவு என்பது நேர்மாறு. இந்த வகைகள் கடித்தால் கடித்த இடம் வீங்கும், கொப்புளம் கட்டும், சதை கறுத்து அழுகும். தோலை ஒட்டுப்போட வேண்டி வரும், விரல் போகலாம். தென்னாப்பிரிக்காவில் ‘எம்ஃபெஸி’ என்கிற மொசாம்பிக் துப்பும் நாகம் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதுதான் வழக்கமான கேஸ். துப்புவது நம்மைத் துரத்த, கடி இரை பிடிக்க. இரண்டும் ஒரே பையிலிருந்து.

கடிக்கு ஆன்டிவெனம் உண்டு. முன்னால் சொன்ன ‘கிடையாது’ கண்ணுக்கு மட்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள். மலேசியாவில் பயன்படுவது தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் குயீன் சவோபா நிலையத்தில் தயாராகும் நாக ஆன்டிவெனம். கௌத்தியாவின் விஷத்தை வைத்துச் செய்தாலும் சுமட்ரானாவின் விஷத்தையும் முறிக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் கூட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஆனது. ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எங்கிருந்து கொண்டுவந்தாலும் ஆன்டிவெனம் தோட்டத்தில் போடுகிற ஊசி இல்லை.

கடிபட்டால் மோதிரம், காப்பு, கடிகாரம் கழற்றுங்கள், வீக்கம் ஏறிய பின் கழறாது. கை காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டுங்கள், இறுக்கிக் கட்டக் கூடாது. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான். இமை சரிந்தால், பேச்சுக் குழறினால் அதையும் நேரத்தோடு சொல்லுங்கள்.

செம்பனை | மார்ச் 7, காலை 6.58

கண் கழுவிய பிறகு வலி நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி வேண்டுமா? இங்கிருந்து கிளினிக் ஒரு மணி நேரம்.

அவசரப்பிரிவு | மார்ச் 7, பிற்பகல் 1.30

வேண்டும், அன்றைக்கே. வலி இல்லாததும் கருவிழி முழுசாக இருப்பதும் வேறு வேறு. ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் உரிந்த இடம் பச்சையாகத் தெரியும். நைஜீரியாவில் கருங்கழுத்து நாகத்தால் கண் பாதித்தவர்களைப் பற்றி 1976-இல் வந்த அறிக்கையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கருவிழியில் புண் இருந்தது, பார்வை போனவர்களும் உண்டு. நன்றாகக் கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டால் பெரும்பாலும் சில நாளில் ஆறிவிடும். கழுவாமல் விட்டதில் கிருமி ஏறினால்தான் கதை மாறுகிறது.

அங்கே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், சின்ன கிளினிக்கில் இந்தக் கேஸ் அபூர்வம். மரப்பு மருந்துச் சொட்டு விட்டு இமையைத் திறந்து, சலைன் பாட்டிலை டிரிப் குழாயோடு மாட்டி மறுபடி கழுவுவார்கள். புண் இருந்தால் ஆன்டிபயாட்டிக் களிம்பு, கண்மணியை விரிக்கும் சொட்டு. மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயத்தில் நீங்களே உஷாராக இருங்கள். அந்த மரப்புச் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்காதீர்கள். சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, மோசமாவதும் தெரியாது. அடுத்து ஸ்டீராய்டு சொட்டு. கண் சிவந்திருக்கிறதே என்று மருந்துக்கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், இந்தக் கண்ணில் அது கூடவே கூடாது.

புற்றுக்கண் | மார்ச் 7, இரவு 10.40

அது சரி, கொல்லாத விஷத்துக்கு ஏன் இவ்வளவு வலி?

தேரைப்பாட்டு | மார்ச் 8, காலை 9.00

வலிதான் அதன் வேலையே. துப்பும் பழக்கம் மூன்று தடவை தனித்தனியாக உண்டாகியிருக்கிறது: ஆப்பிரிக்க நாகங்களில் ஒன்று, ஆசிய நாகங்களில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் ரிங்கால்ஸில் ஒன்று. 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு மூன்றின் விஷத்தையும் ஒப்பிட்டது. நாகங்களிடம் ஏற்கெனவே இருந்த செல்லைச் சிதைக்கும் நச்சோடு பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியை மூன்று குடும்பமும் தனித்தனியாகக் கூடுதலாகச் சேர்த்திருக்கின்றன. அது சேர்ந்தால் வலியுணரும் நரம்புகள் பல மடங்கு தூண்டப்படுகின்றன. இரையைக் கொல்ல இந்தக் கூடுதல் தேவையில்லை. நிமிர்ந்து நடந்து, கல்லும் கம்பும் வீசத் தெரிந்த நம் மூதாதைகளை எதிர்க்க வந்த ஏற்பாடு என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். மான் கூட்டம் மிதித்துவிடாமல் இருக்க என்றொரு பழைய ஊகமும் உண்டு. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, மானுக்கு முகம் அவ்வளவு உயரத்தில் இல்லை.

ரிங்கால்ஸ் பெயருக்கு மட்டும் நாகம். மற்ற நாகங்களின் நாஜா பேரினத்தைச் சேர்ந்ததில்லை, செதில்கள் சொரசொரப்பு, முட்டையிடாமல் குட்டி போடும். நிமிர்ந்து எழுந்து உடம்பை முன்னால் வீசித்தான் துப்பும். மொசாம்பிக் நாகம் படமெடுக்காமல், பொந்துக்குள் இருந்தபடியேகூடத் துப்பும். துப்பல் பலிக்காவிட்டால் ரிங்கால்ஸ் வாயைப் பிளந்து மல்லாக்கச் செத்தது மாதிரி கிடக்கும். எடுக்கப் போனால் கடிக்கும்.

செம்பனை | மார்ச் 8, இரவு 7.30

காவல் நாய் இரண்டு இருக்கின்றன. அவைதான் முதலில் போய்க் குரைக்கும்.

அவசரப்பிரிவு | மார்ச் 8, இரவு 8.10

நாய்க்கும் அதே தண்ணீர், அதே நேரம். தோட்டக் குழாயை மெதுவாகத் திறந்து விடுங்கள், வேகமாகப் பீய்ச்சாதீர்கள். பிடிப்பவர் நீளக் கை சட்டையும் காகிள்ஸும் போடட்டும், நாய் தலையை உதறும்போது விஷம் அவர் கண்ணுக்கு வரும். முன்காலால் கண்ணைப் பிறாண்டும், கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். இல்லையென்றால் வெட்டிய பிளாஸ்டிக் வாளி. பிறகு கால்நடை மருத்துவர்.

கொக்கிக்கம்பு | மார்ச் 8, இரவு 9.45

துப்பல் பட்ட காகிள்ஸைக் கழற்றும் முறையையும் மண்டோரிடம் சொல்லிவிடுங்கள். போட்டபடியே முகத்தோடு சேர்த்துத் தண்ணீரால் அலசி, கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கத்துப் பட்டையைப் பிடித்து முன்னால் எடுக்க வேண்டும். காய்ந்த விஷம் வீரியம் இழப்பதில்லை, வெள்ளைப் பொருக்காகப் படிந்திருப்பதைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் பிறகு அதே சட்டையால் வேர்வையைத் துடைத்தால் கண்ணுக்குப் போய்விடும். கம்பு, வாரிக் கைப்பிடிக்கும் இதே கழுவல். தோலில் பட்டது சோப்பில் போகும், வெட்டுக்காயத்தில் பட்டிருந்தால் அதையும் காட்டுங்கள்.

பாம்பை நீங்கள் பிடிக்க வேண்டாம். தள்ளி நின்று ஓர் ஆளைக் கண்காணிக்க வைத்து 999-ஐ அழையுங்கள், பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வந்து எடுப்பார்கள். அவர்கள் வருவதற்குள் அது ஓலைக்குள் போய்விட்டால் அந்த வரிசையை அன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த வரிசையில் வேலை பாருங்கள்.

செம்பனை | மார்ச் 9, காலை 6.40

மண்டோர் படித்துவிட்டார். காகிள்ஸ் ஆறு, இரண்டு கேன், வாரி நாலு. சலைன் பாட்டிலும் கேட்கிறார், வாங்கலாமா?

அவசரப்பிரிவு | மார்ச் 9, காலை 7.20

500 மில்லி இரண்டு போதும், வண்டியில் போகும் வழியில் தொடர்ந்து கழுவ. காலாவதித் தேதி பாருங்கள், திறந்த பாட்டிலை மறுபடி வைக்காதீர்கள். கேன் தண்ணீரை வாரம் ஒரு தடவை மாற்றுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீரை யாரும் 20 நிமிடம் கண்ணில் தாங்கமாட்டார்கள்.